முதல் கிண்ணம் யாருக்கு?

அத்தியாயம் 14

“அந்தச் சூனியக்காரியை உள்ளே தள்ள முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

பேராசிரியர் மணிவாசகம் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில், இரண்டு மேஜையும் ஒரு ஃபேக்ஸ் மெஷினும் மட்டுமே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோட்டைக் கழற்றாமல் நின்றார். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர். ஜூன் மாதம் ஒரே மகள் பூர்ணா செத்த பிறகு அவர் மனசில் மிச்சமிருந்த ஒரே பாடம் பழி.

“இன்னிக்குத் தேதிக்கு முடியாது சார்,” என்றாள் கிரிஜா. அவளுக்கு நன்றாகவே பொய் சொல்ல வரும். கட்சிக்காரரிடம் மட்டும் சொல்வதில்லை. “கொலெட் மேல கைவைக்க ஆதாரமே இல்ல. அவங்க வீட்டுத் திருவிழா அன்னிக்குத் தோட்டத்துல தப்பான கீரையைப் பறிச்சுத் தின்னதால வந்த விபத்துன்னு எழுதி, போலீஸ் ஃபைலை மூடிட்டாங்க.”

“விபத்தா? பாட்டனி படிச்ச பொண்ணு மேடம் அவ! எது கீரை, எது விஷம்னு தெரியாதா?” அவர் குரல் உடைந்து, உடனே மறுபடி இறுகியது. “எந்தச் சடங்கா இருந்தாலும் நடத்துறவங்கதானே முதல்ல குடிப்பாங்க? சர்ச்ல பாதிரியார் குடிக்கறதில்ல? கொலெட் ஏன் முதல்ல குடிக்கல? கிண்ணத்தை ஏன் எம் பொண்ணு கையில குடுத்தா? தெரிஞ்சுதான் குடுத்தா. அதை நிரூபிங்க, போதும்.”

“பார்க்கிறேன் சார்.”

“அஸ்தியை இன்னும் கரைக்கல. கொன்னவங்களுக்குத் தண்டனை கிடைக்கட்டும், அன்னிக்குக் கரைக்கிறேன். எனக்கு ஒரு வாக்குக் குடுங்க. யாரா இருந்தாலும் விடமாட்டேன்னு.”

“யாரா இருந்தாலும் விடமாட்டேன்.”

அவர் கதவருகே போய்த் திரும்பினார். “இன்னிக்கு அவ வீட்டுல திருவிழா. பூர்ணா நினைவா ஒரு நாற்காலி போடறாளாம். எனக்கும் லெட்டர் போட்டிருக்கா. என்ன நெஞ்சழுத்தம்! நானும் வரேன். அவ முகத்தைப் பார்க்கணும்.”

படிகளில் அவர் செருப்புச் சத்தம் தேயும்வரை உதவியாளன் றெனோல்ட் காத்திருந்தான். முப்பத்தைந்து வயது. மன்னார்க்காரன். ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், நினைத்தபோது மட்டும் ஓடுகிற ஒரு கொரோலா.

“அக்கா, உந்தாள் மூச்சு விட்டாலே மேசையில கிடக்கிற பேப்பர் கருகிப்போம் போல கிடக்கு.”

“ஒரே பொண்ணு றெனோல்ட்.”

“ஓம், அது சரிதான். ஆனா உந்தக் கொலெட்டின்ர ஆக்கள் என்ன மதம்? எனக்கு இன்னும் விளங்கேல்லை.”

“பழங்கால இயற்கை வழிபாட்டைப் புதுசா எடுத்து நடத்தறவங்க. மரம், மண், சூரியன், நிலா எல்லாம் அவங்களுக்குத் தெய்வம். சூரியனோட போக்கை வெச்சு வருஷத்துக்கு எட்டுத் திருவிழா. இன்னிக்குப் பகலும் இரவும் சமமாகிற நாள். அறுவடைக்கு நன்றி சொல்றாங்க.”

“அப்ப பொங்கல் எண்டு சொல்லுங்கோவன். பொங்கலுக்கு ஏன் கத்தி?”

கிரிஜா ஒரு காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். பூர்ணாவின் பையிலிருந்து போலீஸ் எடுத்த சாமான்களின் பட்டியல் அது. சால்வை, மெழுகுவர்த்தி, நோட்டுப் புத்தகம், கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று.

“அந்தக் கத்தியைப் பத்திக் கேக்கத்தான் இப்ப போறோம். ஆதாரம் இருக்கோ இல்லையோ, எனக்கு அந்தக் கத்தி உறுத்துது.”

❖

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் கொலெட்டின் வீட்டுக் கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் றெனோல்ட் வாயைப் பிளந்தான்.

“ஜென்சி! நீ கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போறாய் எண்டல்லோ உன்ர அம்மா யோசெப்பின் மாமி சொன்னவ?”

ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜென்சிக்கு வயது இருபத்துநாலு. முகம் வெளுத்துப்போயிற்று. “அண்ணை, அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. பூர்ணாதான் என்னை இங்க கூட்டிக்கொண்டு வந்தவ.”

“சொல்லமாட்டன். நான் இங்க வந்ததை என்ர மனுசிக்கு நீயும் சொல்லாதை.”

தோட்டத்தைப் பார்த்த பின்னறைதான் அவர்களுடைய பூஜை அறை. ஜன்னலோரம் மரப் பீடம். அதன்மேல் கறுப்புப் பிடிக் கத்தி, சின்ன இரும்புச் சட்டி, ஒரு கோல், எரிகிற விளக்கு, சோளக் கதிர்கள். நடுவில் துணி மூடிய வெள்ளிக் கிண்ணம். ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய ஆப்பிள்களை அன்று காலையில்தான் பிழிந்து நிரப்பி வைத்ததாக ஜென்சி சொன்னாள். றெனோல்ட் வாசலிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டான்.

“இந்தக் கத்தியால பூர்ணா கீரை வெட்டியிருப்பாளா?” என்று கேட்டாள் கிரிஜா.

“கறுப்புப் பிடிக் கத்தியாலயா? ஐயோ, இல்லை! அது ஒண்டையும் வெட்டுறதில்லை அக்கா. சடங்குக்கு வட்டம் கீற மட்டுந்தான். அதுவும் காத்திலதான் கீறுவம். செடி வெட்டுறதுக்கு வெள்ளைப் பிடி போட்ட கத்தி வேற இருக்கு.”

“பூர்ணாவோட வெள்ளைக் கத்தி எங்க?”

“எங்கட வீட்டில. பிடி கழண்டுபோச்சுதெண்டு எங்கட அண்ணை மரியதாசன் ஒட்டித் தாறன் எண்டு வாங்கினவர். அவ சாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம். இன்னும் அங்கதான் கிடக்கு.”

“கையால பிச்சிருக்கலாமே?”

“பூர்ணாவோ?” ஜென்சியின் கண் கலங்கியது. “செடியிட்ட முதல் கேப்பா. பிறகுதான் வெட்டுவா. வெட்டிப்போட்டு வேருக்குத் தண்ணி விடாமல் வரமாட்டா. இலையைப் பிய்ச்சால் எனக்கே பேச்சு விழும்.”

போலீஸின் கீரைக் கதை அங்கேயே செத்துப்போயிற்று. வெட்டக் கத்தி இல்லாதவள், பிய்க்க மனசில்லாதவள், எந்தக் கீரையைத் தின்றாள்?

“வெட்டாத கத்தி,” என்றான் றெனோல்ட். “அந்தா, பெருக்காத விளக்குமாறு. வேலை செய்யாத சாமான் முழுக்கப் பீடத்திலயோ? அப்ப என்ர கார் எஞ்சினையும் கழட்டிக்கொண்டு வந்து வைப்பம்.”

கிரிஜா சிரிக்கவில்லை. “அன்னிக்கு இங்க வந்து அவ வேற என்ன சாப்பிட்டா?”

“சாப்பாடு பிறகுதானே. கிண்ணம் மட்டும். முதல் ஆள் பாதியைக் குடிச்சிட்டு மிச்சத்தை மேப்பிள் மரத்தடியில ஊத்திறது. பேந்து கழுவி, திருப்பி நிரப்பி மற்றவைக்குக் குடுக்கிறது. நாங்கள் எல்லாரும் அதிலதான் குடிச்சனாங்கள். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அதாலதான் போலீஸ் கிண்ணத்தைப் பற்றிக் கேக்கவேயில்லை.”

“முதல் ஆள் யார்?”

“வட்டத்தில ஆர் இளசோ அவை. அண்டைக்குப் பூர்ணா, இருபத்திரண்டு வயசு. இண்டைக்கு நான்.”

“இதை வெளியில யாருக்காவது சொன்னியா?”

“ஒருத்தரிட்டயும் கதைக்கேல்லை. மற்றவையும் கதைக்கமாட்டினம். வட்டத்தில நடக்கிறது வட்டத்துக்குள்ள.”

றெனோல்ட் விரலைச் சொடுக்கினான். “அப்ப விளங்கீற்று அக்கா. முதல் கிண்ணம் பூர்ணாவுக்குத்தான் எண்டு தெரிஞ்ச ஆள்தான் நஞ்சு கலந்தது. வட்டத்துக்குள்ளதான் ஆள் இருக்கு. பேராசிரியர் சொன்னது சரி.”

கிரிஜா அறைக்குள் நடந்தாள். யோசிக்கும்போது அவள் கை சும்மா இருக்காது. சாய்ந்த புத்தகத்தை நேராக்கும், விரித்த துணியை மடிக்கும். இப்போதும் அந்தக் கை எதையோ எடுத்து எங்கேயோ வைத்துவிட்டு வந்தது. ஜென்சி களுக்கென்று சிரித்தாள்.

“என்ன?”

“அக்கா, நீங்களும் விளக்குமாத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னால போட்டிட்டியள்!”

கிரிஜா திரும்பிப் பார்த்தாள். பீடத்தின் பக்கத்தில், குச்சிகள் மேலே பார்க்க நிமிர்ந்து நின்ற அந்தத் துடைப்பம் இப்போது கதவுக்குப் பின்னால் தரையில் கிடந்தது. சாமி விளக்குக்குப் பக்கத்தில் துடைப்பமா, அதுவும் தலைகீழாகவா என்று அவள் மூளை கேட்கவே இல்லை. கை தானாகச் செய்துவிட்டது.

“மன்னிச்சுக்கோ. எங்க வீட்டுல தொடப்பத்தை இப்படி நிறுத்தினா அம்மா கத்துவாங்க, வீட்டுல சண்டை வரும்னு.”

“எங்கட அம்மாவும்தான்! இங்க விளக்குமாறு புனிதமான சாமான் அக்கா. குச்சி மேல பாக்கத்தான் நிக்கவேணும். நான் பழக ஆறு மாசம் எடுத்தது. ஜூனிலயும் இப்பிடித்தான். ஆரோ எடுத்துக் கதவுக்குப் பின்னால படுக்கப் போட்டிருந்தவை. ‘என் துடைப்பத்தைத் தொட்டது யார்?’ எண்டு கொலெட் எல்லாரையும் கேட்டவ.”

“எந்த நாள்?”

“பூர்ணா செத்த அண்டைக்குத்தான்.”

கிரிஜா மெதுவாகத் துடைப்பத்தை எடுத்துப் பழையபடி நிமிர்த்தி வைத்தாள். “இந்த வீட்டுக்கு உன்னையும் பூர்ணாவையும் தவிர வேற தமிழ் ஆளுங்க வருவாங்களா?”

“இல்லை அக்கா.”

“றெனோல்ட், வட்டத்துக்குள்ள இருக்கிற யாரும் அந்தத் தொடப்பத்தைத் தொடமாட்டாங்க. கலந்தது வெளியாள். நம்ம வீடு மாதிரி ஒரு வீட்டுல வளர்ந்த வெளியாள்.”

❖

மூன்று மணிக்குள் பத்துப் பேர் தோட்டத்தில் கூடிவிட்டார்கள். மேப்பிள் இலை நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மரத்தடியில் வட்டமாக நாற்காலிகள். ஒரு நாற்காலியில் ஆள் இல்லை. சாமந்திப் பூ மட்டும் இருந்தது. பக்கத்து நாற்காலியில் மணிவாசகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடியைப் பின்னலிட்ட அறுபது வயது கொலெட் அவர் கையைப் பற்ற வந்தபோது அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“உள்ளே வந்து உட்காரலாமே சார்?” என்றாள் கிரிஜா.

“அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிச்சதே இல்ல. இனியும் மிதிக்கமாட்டேன். பக்கவாட்டு கேட் வழியா வந்தேன், அப்படியே போயிடுவேன்.”

கொலெட் கிரிஜாவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பூர்ணாவைப் பற்றியே பேசினாள். மரத்துக்கு நீர் ஊற்றும்போது பாடுவாள் என்றாள். அழுதாள். கிரிஜா அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். பின்னறைக் கதவைத் தள்ளினாள். கதவு முழுசாகத் திறக்கவில்லை, எதிலோ இடித்தது.

துடைப்பம், கதவுக்குப் பின்னால் தரையில் படுத்துக் கிடந்தது.

அவள் துடைப்பத்தைத் தாண்டி உள்ளே போனாள். பிறகு ஜன்னல் வழியாக றெனோல்டைக் கூப்பிட்டாள். அவன் கையில் ஒரு ஜிஞ்சர் ஏல் சோடா பாட்டில் இருந்தது.

“அதைக் காலி பண்ணு.”

“இப்பதான் திறந்தனான் அக்கா.”

“கொட்டிட்டுக் குடு. அப்புறம் சமையலறை ஃபோன்ல போலீசைக் கூப்பிடு.”

றெனோல்ட் அவள் முகத்தைப் பார்த்தான். பாட்டிலைப் புல்லில் கவிழ்த்துவிட்டு நீட்டினான். கிரிஜா கிண்ணத்தில் இருந்ததைப் பாட்டிலில் ஊற்றி மூடினாள். கிண்ணத்தை மூன்று தரம் கழுவி, ஃப்ரிட்ஜில் இருந்த ஜாடியிலிருந்து புது ஆப்பிள் ஜூஸை ஊற்றி, பழையபடி துணியைப் போட்டு மூடினாள். மனசு கொதித்தது. ஒரு தடவை செய்தவனுக்கு இன்னொரு தடவையும் செய்யக் கை வந்திருக்கிறதே!

❖

கொலெட் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாள். மண்ணுக்கு நன்றி, மரத்துக்கு நன்றி, போன வெயிலுக்கு நன்றி என்று பிரெஞ்சில் சொன்னாள். கடைசியில் பூர்ணாவின் பெயரைச் சொன்னாள். மணிவாசகம் முன்னால் குனிந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் உயிரோடு இருந்ததைப் போல இருந்தது அந்தப் பார்வை.

கொலெட் குடிக்கவில்லை. தன் நாற்காலியைக் கடந்து நடந்தாள். வட்டத்தைப் பாதி சுற்றி வந்து ஜென்சியின் முன்னால் நின்று, கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள். ஜென்சி கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனாள்.

“குடிக்காதே!”

தமிழில் வந்தது அந்த அலறல். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மணிவாசகம் ஓடிவந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார். ஜூஸ் புல்லில் கொட்டியது.

“ஏன் சார்?” என்றாள் கிரிஜா. “வெறும் ஆப்பிள் ஜூஸ்தானே?”

அவர் கொலெட்டை நோக்கி விரலை நீட்டினார். “பார்த்தீங்களா? இப்பவும் குடிக்கல! ஜூன்லயும் இப்படித்தான் மாத்திட்டா! அவ குடிக்க வேண்டியதை எம் பொண்ணுக்கு...”

நின்றுவிட்டார்.

“அவங்க குடிக்க வேண்டியதுன்னு முடிவு பண்ணினது யார் சார்?”

அவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

“போலீஸ் கீரைன்னாங்க. கிண்ணத்தைப் பத்தி வெளியில யாருக்குமே தெரியாது. காலைல எங்க ஆபீசுக்கு வந்து கிண்ணம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். வாசப்படியே மிதிக்கலன்னீங்க. றெனோல்ட், சார் இந்த நாற்காலியை விட்டு எழுந்தாரா?”

“ஒருக்கா எழும்பினவர். பாத்ரூம் எங்கையெண்டு என்னட்டக் கேட்டவர்.”

“காலைல நான் முடியாதுன்னதும், நீங்களே உள்ளே போய்க் கிண்ணத்துல திரும்பக் கலந்தீங்க. பக்கத்துல, விளக்கு பக்கத்துல, தொடப்பம் தலைகீழா நின்னுது. உங்க கை சும்மா இருக்கல. கொலை பண்ண வந்த இடத்துலயும் தொடப்பத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னாடி போட்டீங்க. ஜூன்லயும் அதே பக்கவாட்டு கேட் வழியா வந்து அதேதான் பண்ணீங்க. நீங்க கலந்தது பாட்டில்ல பத்திரமா இருக்கு. உங்க வீட்டுப் பின்பக்கம் அழகுக்குன்னு ஒரு நீலப் பூச்செடி வளர்க்கிறீங்களே, உங்க வீட்டுக்கு வந்தப்ப பார்த்தேன், வச்சநாபிங்கற கொடிய விஷச் செடியோட சொந்தக்காரச் செடி, அதோட கிழங்குன்னு நினைக்கிறேன். லேப்ல சொல்வாங்க.”

“அவ எம் பொண்ணை எங்கிட்டேருந்து பிரிச்சா!” மணிவாசகம் கத்தினார். “வீட்டுல விளக்கேத்த மாட்டேன்னவ இங்க வந்து மரத்துக்கு விளக்கேத்தினா. என்னைப் பார்க்க நேரம் இல்ல, மரத்தைப் பார்க்க நேரம் இருந்துது. கொலெட்டைக் கொல்லணும்னு நினைச்சேன், ஆமா! பாதிரியார் மாதிரி அவளே முழுசும் குடிப்பான்னு நினைச்சேன். ஆனா அந்தச் சூனியக்காரி மோப்பம் பிடிச்சு எம் பொண்ணுக்குக் குடுத்துட்டா. இப்ப இந்தப் பொண்ணுக்கும் குடுத்தா. பாருங்க, உங்க கண்ணாலேயே பாருங்க!”

“அவங்க எதையும் மோப்பம் பிடிக்கல. பத்து வருஷமா இந்த வட்டத்துல முதல் கிண்ணம் வயசுல சின்னவங்களுக்குத்தான். வரப்போற பருவம் அவங்களோடதுன்னு ஒரு வழக்கம். ஜூன்ல சின்னவ பூர்ணா. அவ்வளவுதான் சார். நீங்க கொலெட்டுக்குன்னு வெச்சதை உங்க பொண்ணு கையிலதான் குடுப்பாங்கன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியல.”

அவர் உதடு அசைந்தது. “அவ... எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீங்க என்னிக்காவது கேட்டீங்களா?” பரிதாபம் வரவேண்டிய இடம்தான். கிரிஜாவுக்கு வந்தது கோபம்.

ஜென்சி எழுந்தாள். “அவ சொல்ல வந்தவ அங்கிள். முதல் திருவிழா முடிஞ்சு வீட்ட வந்து, ‘அப்பா, இண்டைக்கு எனக்குத்தான் முதல் கிண்ணம்’ எண்டு சொல்லத் துவங்கினவவாம். நீங்கள் ரீவியின்ர சத்தத்தைக் கூட்டினீங்களாம். என்னட்டச் சொல்லி அழுதவ.”

மணிவாசகம் புல்லில் உட்கார்ந்தார். விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜென்சி கொலெட்டின் காதருகே எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னாள். கொலெட் நீண்ட நேரம் அந்த மனிதரைப் பார்த்தாள். திட்டுவாள், சபிப்பாள், குறைந்தபட்சம் அறைவாள் என்று றெனோல்ட் எதிர்பார்த்தான். அவனாக இருந்தால் அறைந்திருப்பான். அவள் பூர்ணாவின் நாற்காலியைச் சாமந்திப் பூவோடு தூக்கினாள். அவர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய் மரத்துக்கு அந்தப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தாள். பிறகு அதன் பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அடி விழுந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இதற்கு முகத்தை மூடிக்கொண்டார்.

தெருவில் போலீஸ் காரின் சத்தம் கேட்டது. றெனோல்ட் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனான்.

“சார், காலைல எங்கிட்ட ஒரு வாக்கு வாங்கினீங்க,” என்றாள் கிரிஜா.

“யாரா இருந்தாலும்...”

“விடமாட்டேன்னு.”

மணிவாசகம் தலையை நிமிர்த்தினார். கண்ணில் மூன்று மாதமாக எரிந்த அந்தப் பழி இன்னும் அணையவில்லை. ஆனால் இப்போது அவர் யாரையும் விரல் நீட்டிக் காட்டவில்லை.

“விடாதீங்க,” என்றார்.

இரண்டு போலீஸ்காரர்கள் புல்வெளியில் வந்துகொண்டிருந்தார்கள். அவர் கோட்டுப் பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்தார். கிரிஜாவிடம் கொடுக்கவில்லை. ஜென்சியிடம் நீட்டினார். அவள் பயந்துகொண்டே வாங்கினாள்.

“பூர்ணா மேல் ஷெல்ஃப்ல இருக்கா,” என்றார். “நீங்க கரைச்சிடுங்கம்மா. நான் தொடக் கூடாது.”